ஆறிப்போன பாட்டில்கள்

தகர மூடி தரையில் விழுந்து உருண்ட சத்தத்தில் வார்டே ஒரு கணம் அடங்கிப்போயிற்று. நர்ஸ் தபிதாள் ஓடிவந்தாள். ஜன்னலோரம் மரப்பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே பஞ்சுக்கு நடுவே, இறகு முளைக்காத குஞ்சு போல, ரயில்வே கார்டு மனைவி ரஞ்சிதத்தின் பிள்ளை. மாதம் நிறையாமல் பிறந்தவன். எடை மூன்று ராத்தல் தேறாது. மார்பு ஏறி இறங்கியது. நிம்மதியோடு பஞ்சைச் சரிசெய்யப் போனவளின் விரல், பக்கத்திலிருந்த வெந்நீர்ப் பாட்டிலில் பட்டது.

சில்லிட்டிருந்தது.

"மணியம்மை, பாட்டில்ல வெந்நி ஊத்தினியா, சரவணப் பொய்கைத் தண்ணிய ஊத்தினியா?"

ஆயா மணியம்மை புகையில் சிவந்த கண்ணோடு அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கைய பாருங்க சிஸ்டரம்மா, கொப்புளம். இப்பத்தான கொதிக்கக் கொதிக்க ஊத்திக் குடுத்தேன். ஈர வெறகு எரியறதே பெரிசு, இதுல பேச்சு வேற."

வெளியே ஆடிக் கிருத்திகை. அந்தி மழையில் காவடிகள் மலையேறிக்கொண்டிருந்தன. படிக்கட்டிலிருந்து அரோகரா சத்தமும், நசுங்கிய சாமந்தியின் வாசனையும் ஈரக் காற்றில் விட்டு விட்டு வந்தன. டாக்டர் அடிவாரத்துக் காலரா முகாமுக்குப் போயிருந்தார். தபிதாள் புதிதாக வெந்நீர் நிரப்பி, கம்பளித் துணி சுற்றி, பிள்ளையின் இரு பக்கமும் காலடியிலும் பாட்டில்களை வைத்தாள். மூடியைப் பொருத்துவதற்குள் கம்பளியின் மேல் பனி கோத்துக்கொண்டது. பிள்ளையின் உதட்டில் நீலம் ஏறியது.

யுத்தம் வந்ததிலிருந்து ரப்பர் பைகள் வருவதில்லை. கிடைத்த பிராந்தி பாட்டில்களை வைத்துத்தான் இப்படிப்பட்ட குழந்தைகளைக் காப்பாற்றினார்கள். காலையில் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் கூடையும் இருந்தது. அதில் பூவம்மாளின் பெண். ஆர்.கே.பேட்டைப் பக்கம் களையெடுக்கப் போன இடத்தில் வலி கண்டு, மாட்டு வண்டியில் வந்தவள் பூவம்மாள். பெண் குழந்தை எடையில் இன்னும் குறைவு. ஆனாலும் மூச்சு சீராக இருந்தது, விரல் கொடுத்தால் பற்றிக்கொண்டது. இரண்டுக்கும் சமமாக வை என்று சொல்லிவிட்டுத்தான் டாக்டர் கிளம்பினார்.

இறந்த குழந்தையின் பாட்டில்களை எடுத்து, இருக்கிற குழந்தைக்கு வைப்பது அந்த ஆஸ்பத்திரி வழக்கம். யாரும் அதைத் தப்பென்று சொல்லமாட்டார்கள். ஆனால் கூடையிலிருந்து தபிதாள் எடுத்தபோது அந்தப் பெண் குழந்தை இறந்திருக்கவில்லை.

அரக்கோணத்து ரயில்வே கார்டு வீட்டுப் பிள்ளையாவது பிழைக்கட்டும்; கூலிக்காரி குடிசைக்குப் போனால் எப்படியும் போகப்போகிற உயிர்தானே. அப்படித்தான் அப்போது நினைத்தாள். இப்போது அதை நினைக்கையில் காது மடல் எரிந்தது. "பால் எறங்கலம்மா, போயிடுச்சு" என்று பூவம்மாளிடம் சொன்னபோது சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். "ஆங்" என்றாள் அவள்.

மறுபடி நிரப்பினாள். மறுபடி ஆறியது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. ஈரக் கம்பளியைத் தணலருகே காயவைத்தது போல. அடுப்பங்கரையிலிருந்து அல்ல, துணி அறையிலிருந்து. பூவம்மாளின் புருஷன் தேசப்பன் வண்டியோடு வரும்வரை அவள் குழந்தையை வெள்ளைத் துணியில் சுற்றி அங்கேதான் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள்.

கதவைத் தள்ளினாள். முகத்தில் அனல் அடித்தது.

பெஞ்சு காலி.

பலகையைத் தொட்டாள். சுட்டது.

திரும்பி ஓடினாள். பெட்டியிலிருந்து பையனை வாரியெடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். சேலையைத் தாண்டி, ரவிக்கையைத் தாண்டி அந்தக் குளிர் உள்ளே இறங்கியது. அவன் அழவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது.

கடைசிக் கட்டில். பூவம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் வெள்ளைத் துணி. அதிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. துணி மெல்ல ஏறியது. இறங்கியது. ஏறியது. அவள் மார்பருகே ஒரு சத்தம். சப்புகிற சத்தம். அது கேட்கக் கேட்க, தபிதாளின் கையிலிருந்த பையன் கல்லாகக் கனத்தான்.

"பூவம்மா…"

அவள் தலை நிமிரவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"நீங்க பாட்டில உருவினப்போ இது கண்ணத் தொறந்து உங்களயே பாத்துகினு இருந்துச்சு, சிஸ்டரம்மா. நானும்தான்."