கையாட்டினால் எரியும் விளக்கு

விடுமுறை நாள் மதியம். ஆளில்லாத அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த பழைய கோப்பறையில் ஒருவர் இருப்பதாகக் கணினித் திரை சொன்னது.

மேல்தளத்து அறையில் தனியாக உட்கார்ந்திருந்த அவன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ‘ஒருவர்’ என்ற சொல். அதற்குக் கீழே வழக்கமான இரண்டு பொத்தான்கள்: உண்மை, பொய்.

அந்தக் கட்டடத்தை மனிதர்கள் நடத்தவில்லை, ஒரு மென்பொருள்தான் நடத்தியது. கூரையில் பதித்த சென்சார் அசைவைக் கண்டால் விளக்கு எரியும், காற்று வரும். அசைவு நின்றால் எல்லாம் அடங்கிவிடும். விடுமுறை நாளில் எங்காவது ஆள் தெரிந்தால் மட்டும் அது அவனைக் கேட்கும். ‘பொய்’ என்று அமுக்கினால் அறையின் விளக்கையும் காற்றையும் நிறுத்தி, கதவையும் பூட்டிவிடும். உள்ளிருந்து திறக்கும் பொத்தானும் அதோடு செத்துப்போகும். இத்தனைக்கும் அவன் ஒருவன் போதும். வீட்டில் சாய்ந்து கிடந்தபடியே போனில் முடித்துவிடுவான். அதனால் அலுவலகத்தில் அவனுக்கு ‘ரிமோட்’ என்று பெயர். ஒரு காலத்தில் அந்தப் பெயரைக் கேட்டால் உள்ளூரக் குளிர்ந்துபோவான்.

“சார், அது என்ன, சிவப்பா மின்னுது?”

தூக்கிவாரிப் போட்டது. துப்புரவு வேலை செய்யும் பெண், சாவிக் கொத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், அவன் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

“அது சும்மாம்மா. சென்சார் கோளாறு. இதை அமுக்கினா போயிடும்.” ‘பொய்’யை அமுக்கினான். புள்ளி மறைந்தது.

“அம்மா இறந்து கிடந்த ரூம்தானே சார் அது?”

அவள் அம்மாவைக் கட்டடமே ‘வாளியக்கா’ என்றுதான் கூப்பிடும். மஞ்சள் வாளியும் இழுப்பு நோயுமாக, மூச்சு விசிலடிக்க மாடி மாடியாக ஏறி இறங்குவாள். குனிந்து துடைக்கும்போது விளக்கு அணைந்துவிடும், நிமிர்ந்து கூரையைப் பார்த்துக் கையாட்டுவாள். “தம்பி, உங்க கட்டடத்துக்குக் கையாட்டிக் கையாட்டியே என் தோள்பட்டை கழண்டுபோச்சு” என்று அவனைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பாள்.

“அன்னைக்கு அம்மா உள்ள இருந்தப்போ இது மின்னலையா சார்?”

“இல்லம்மா. எதுவுமே வரல.”

“அம்மா வேலை நேரத்துல தூங்குற ஆளே இல்ல. தூங்கிட்டாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க.”

முகம் எரிந்தது. இரண்டு மாதத்துக்கு முன், அந்த விடுமுறை நாளில் அவன் தம்பி மகளின் பிறந்தநாள் விருந்து. குழந்தைக்குக் கேக் ஊட்டிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. பார்க்காமலே ‘பொய்’ என்று அமுக்கினான். மறுபடியும் அதிர்ந்தது, மறுபடியும் அமுக்கினான். எத்தனை தடவை என்று அவனுக்கே தெரியாது. கடைசியில் அது நின்றபோது, “அப்பாடா, சனியன் ஒழிஞ்சது” என்று வாய்விட்டுச் சொன்னான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்த ஒவ்வோர் அதிர்வும், பூட்டிய அறையில் காற்று நின்றுபோன இருட்டில் வாளியக்கா கையாட்டியது. துப்புரவுக்காரர்கள் போனை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. கை ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். விசாரணையில் சென்சாரில் அசைவே வரவில்லை, தூங்கியிருப்பாள் என்று சொன்னான், எல்லோரும் நம்பினார்கள். அவன் மீது விழவேண்டிய பழி செத்தவள் தலையில் விழுந்தது. இப்போது அவள் மகள் அவனை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மரியாதையாக நிற்கிறாள். சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம்.

புள்ளி மறுபடி மின்னியது.

“நீ இங்க உக்காரும்மா” என்றான். “நான் போய் அந்த சென்சாரைக் கழட்டிட்டு வந்துடறேன். திரும்ப மின்னினா அந்த ‘பொய்’யை அமுக்கிடு.” அவள் கண் முன்னால் அது இன்னொரு முறை மின்னக் கூடாது, அவ்வளவுதான் அவனுக்கு. அவசரத்தில் தன் போனையும் மேசையிலேயே விட்டுவிட்டான்.

கீழ்த்தள நடையில் அவன் நடக்க நடக்க முன்னால் விளக்குகள் எரிந்தன, பின்னால் அணைந்தன. கோப்பறைக் கதவு அட்டையைக் காட்டியதும் திறந்தது. வாசலில் மஞ்சள் வாளி ஒன்று கிடந்தது. கதவு மூடாதிருக்க அதையே முட்டுக்கொடுத்தான். உள்ளே காகித மக்கல் நாற்றத்துக்கு அடியில் எலுமிச்சை வாசனை வந்தது. தரை துடைக்கும் திரவத்தின் வாசனை. இரண்டு மாதமாக யாரும் துடைக்காத தரை, காலடியில் ஈரமாக இருந்தது.

நாற்காலியைப் போட்டு ஏறினான். எங்கோ மெல்லிய விசில் சத்தம். காற்றுக் குழாயாக இருக்கும் என்று நினைத்தான். கையைக் குழாய் வாயில் வைத்துப் பார்த்தான். காற்றே வரவில்லை. விசில் மட்டும் நீண்டது, நின்றது, மறுபடி இழுத்தது.

அலமாரிகளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

கதவு மூடியது. திரும்பினான். முட்டுக்கொடுத்த வாளி உள்ளே இருந்தது. சுவரிலிருந்த சின்னத் திரையில் ‘ஒருவர்’. நான்தான், என்னைத்தான் சொல்கிறது என்று மூச்சு விட்டான்.

‘யாரும் இல்லை.’

விளக்கு அணைந்தது. மேலே அந்தப் பெண் அமுக்கிவிட்டாள். அவன் சொல்லிக் கொடுத்தபடியே.

கையாட்டினான். விளக்கு எரிந்தது. ‘ஒருவர்.’ கதவை நோக்கிப் பாய்ந்தான். அணைந்தது. கையாட்டினான். எரிந்தது. அணைந்தது. கைப்பிடி அசையவில்லை. பொத்தான் செத்துக் கிடந்தது. கத்தினான். அந்தச் சுவர்களுக்குள் சத்தம் அங்கேயே அமுங்கியது. “வந்துச்சும்மா! அன்னைக்கு வந்துச்சு! நான்தான் அமுக்கினேன்!” கேட்பதற்கு யாரும் இல்லாத இடத்தில்தான் அது வாயில் வந்தது. அதை நினைத்தும் வெட்கமாக இருந்தது.

தோள் வலித்தது. கைகள் தாமாகக் கீழே விழுந்தன. இருட்டு. கதவோடு ஒட்டி, அசையாமல் நின்றான்.

விசில் நின்றது.

கடைசி அலமாரி வரிசைக்கு மேல் விளக்கு எரிந்தது.

அவன் கையாட்டவில்லை.

வெளிச்சத்துக்குக் கீழே மஞ்சள் வாளி. அதிலிருந்த தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. ‘ஒருவர்.’ மேலே மகள் அமுக்கினாள். இருட்டு. ஈரத் தரையில் வாளி இழுபடும் சத்தம்.

மறுபடி எரிந்தது. ஒரு வரிசை இந்தப் பக்கம்.