உள்ளங்கைக் காவல்

பனி விலகுமுன் ஜெசிந்தா கண்ணாடிக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டாள். ஸ்ட்ராபெரிச் செடிகளை ஒன்றுவிடாமல் வெறுங்கையால் தடவ வேண்டும். வாடிய பூவிதழ் தென்பட்டால் அங்கேயே கிள்ளிவிட வேண்டும். சாம்பல் பூஞ்சை முதலில் குடியேறுவது அதில்தான்.

மருந்தெல்லாம் தோற்றுப்போய்ப் பல காலமாகிவிட்டது. எதைத் தெளித்தாலும் அந்தப் பாழாய்ப்போன பூஞ்சை தின்று ஏப்பம் விட்டது. அதை அடக்கியது காவல்பூஞ்சை ஒன்றுதான். அதுவோ ஆய்வுக்கூடத்தில் வளர மறுத்தது. அபூர்வமாகச் சிலருடைய தோலில் மட்டும் தங்கியது. மன்னவனூர் மலையில் அப்படி வாய்த்தவள் ஜெசிந்தா ஒருத்திதான். அவள் கையை நம்பித்தான் ஊரில் அடுப்பெரிந்தது. சோப்புப் பட்டால் காவல் செத்துவிடும். அதனால் அந்தக் கைக்குச் சோப்பு கிடையாது. கைக்குழந்தையைத் தொடவும் கூடாது, நுரையீரலில் இறங்கிவிடலாமாம். பெற்ற மகன் ஆல்வினை வீட்டில் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்த்து வந்தாள்.

முந்தாநாள் கணவன் பிரிட்டோ கண்ணயர்ந்த நேரம், தடுப்பைத் தள்ளிப் போய்ப் பிள்ளையின் பாதத்தைப் பிடித்துவிட்டாள். ஒரே ஒரு நொடி! இன்று பிள்ளைக்குப் பரிசோதனை. ஐயோ, நானே எமனாகிவிட்டேனோ என்று நினைத்தபடியே அடுத்த செடியைத் தடவினாள்.

கூடத்தின் மருத்துவர் மதுரவல்லி கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்.

“பையனைத் தொட்டியா?”

“தொட்டுட்டேன் டாக்டர். நெஞ்சுல ஏறிடுச்சா?”

“நெஞ்சு சுத்தம். பாதத்துல மட்டும் பிடிச்சிருக்கு, அழகா! அவன் உடம்பு ஏத்துக்கிச்சு, கைக்கும் பரவிடும். இனிமே நீ தாராளமா தூக்கலாம். ஒண்ணு மட்டும், அவனுக்குச் சோப்பு போட்டுடாதீங்க. காய்ச்சல்னாகூட எங்களைக் கேக்காம மருந்து கூடாது. பக்கத்துக் கூடம் சும்மாதான கெடக்கு? நடக்க ஆரம்பிச்சதும் பழக்கிடலாம்.”

ஜெசிந்தா வீட்டுக்குப் பறந்தாள். பிள்ளையை வாரி எடுத்து முகர்ந்தாள், முத்தமிட்டாள், ஓவென்று அழுதாள். ஆல்வின் அவள் மூக்கைப் பிடித்து இழுத்தான். அந்தப் பிஞ்சுக் கை ஆயுசுக்கும் இலை தடவுவதை நினைத்தபோது அவளால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

கடைசியில் பிள்ளையைப் பிரிட்டோவிடம் நீட்டினாள்.

“சோப்பு போட்டு நல்லாக் குளிப்பாட்டுங்க. அவங்க கேட்டா, தானா போயிடுச்சுன்னு சொல்லிக்கலாம்.”

“ஏய் ஜெசி, அப்புறம் நீ தொட முடியாதே! தொட்டா மறுபடி பிடிச்சுக்குமே!”

“தெரியும். தண்ணி ஆறிடப்போகுது, சீக்கிரம் ஊத்துங்க.”

சொல்லிவிட்டுத் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து, கதவைத் தானே சாத்திக்கொண்டாள்.