அதே காக்கா

எங்கள் தியேட்டரில் டிக்கெட் கிழிப்பது நான்தான். அதனால் நான் சொல்வதில் பொய் இருக்காது.

தியேட்டர் ரொம்பச் சின்னது. படம் காட்டும் மெஷின் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு மேசைமேல் இருக்கும். அந்த வரிசையில் யாராவது எழுந்து நின்றால் தலை நிழலாகத் திரையில் விழும். அங்கே உட்காரும் பால்காரர் அடிக்கடி எழுந்து சோம்பல் முறிப்பார். அப்படியே பதினேழு படங்களில் நடித்துவிட்டார்.

ஒரு நாள் வாலுவின் சித்தி வீட்டிலேயே எடுத்த கார்ட்டூன் படம் வந்தது. வாலு என்பது எங்கள் தெருச் சிறுமி ஒருத்திக்கு நாங்கள் வைத்த பெயர். படம் முழுக்கப் பாட்டு. கதாநாயகன் ஒரு நத்தை. பாட்டுப் போட்டிக்காக மலை ஏறுகிறது. ஏன் நத்தை என்று கேட்டேன். கால் வரைய வேண்டாமே என்றார் சித்தி.

எல்லாப் பாட்டும் சித்தியின் குரல். மேளத்துக்கு ஒரு வாளி. ஆற்றுச் சத்தத்துக்குச் சித்தப்பா வாய் கொப்பளித்திருந்தார். மனுஷன் எவ்வளவு நன்றாகக் கொப்பளித்திருந்தார் என்றால், முன்வரிசைக்காரர்கள் செருப்பு நனையாமல் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

முதலாளி ஒன்றுதான் சொல்லியிருந்தார். பிள்ளைகள் கடைசிவரை உட்கார்ந்தால் படம் ஓடும். பாதியில் எழுந்து போனால், நாளையிலிருந்து பழையபடி சண்டைப் படம்.

சித்திக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. முறுக்கு டப்பா வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே நடப்பதை உள்ளது உள்ளபடி வந்து சொல்லும் வேலை வாலுவுக்கு. அவள் முதல் வரிசையில் திரைக்கு முதுகைக் காட்டி, மண்டியிட்டு உட்கார்ந்தாள். டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனங்களை வேடிக்கை பார்த்த ஒரே ஆள் அவள்தான்.

சித்தி ஒரே ஒரு காக்காவைத்தான் வரைந்திருந்தார். அதுவே காலையில் பறந்தது, அதுவே மழையிலும் பறந்தது. ஒவ்வொரு தடவையும் ஓரத்துக்குப் போய் ஒரு கண்ணைச் சிமிட்டியது.

மூன்றாம் தடவை ஒரு பையன், "டேய், அதே காக்காடா" என்றான். தியேட்டரே சிரித்தது.

வாலு அறைக்கு ஓடினாள்.

"சித்தி, காக்காவைக் கண்டுபிடிச்சுட்டாங்க."

"போச்சு. சிரிக்கிறாங்களா?"

"சிரிக்கிறாங்க. கையும் ஆட்டுறாங்க."

"யாருக்கு?"

"காக்காவுக்குத்தான்."

தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று சித்தி நினைத்தார். ஆனால் அது நிஜம். வானம் தெரிந்தாலே பிள்ளைகள் மூச்சை அடக்கிக் காத்திருந்தார்கள். நத்தை வழுக்கி விழுந்து அழுதபோது ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு குழந்தை மட்டும், "அழாத, காக்கா வரும்" என்றது. வந்தது. நானும் கையை ஆட்டினேன். பால்காரர் எழுந்து நின்று ஆட்டினார். அது அவருக்குப் பதினெட்டாவது படம்.

வாலு இதையும் ஓடிப்போய்ச் சொன்னாள். சித்தியின் முகம் தெளிந்தது. "கடைசிப் பாட்டு இன்னும் நல்லாருக்கும் பாரு. அதுல மட்டும் காக்காவே இல்லாம புதுசா வரைஞ்சிருக்கேன்" என்றார்.

வாலு அவசரமாக முதல் வரிசைக்கு ஓடினாள்.

நத்தை உச்சிக்கு வந்து பாடியது. வானம் நிறைய நட்சத்திரம். பிள்ளைகள் கையைத் தூக்கிக் காத்திருந்தார்கள். காக்கா வரவில்லை. அது எங்கே என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். வெளியே போய்த் தேடலாம் என்று ஒரு பொடிசு அம்மாவை இழுத்தது. ஒரு வரிசை எழுந்தது. அதைப் பார்த்து இன்னொன்று எழுந்தது. வாசலில் நின்ற முதலாளி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

வாலு இந்தத் தடவை சித்தியிடம் போகவில்லை. கடைசி வரிசைக்கு ஓடி, பால்காரர் பக்கத்து நாற்காலியில் ஏறினாள். இரண்டு கட்டைவிரலையும் கோத்து, மற்ற விரல்களை வெளிச்சத்தில் விரித்தாள்.

திரையில் கன்னங்கரேலென்று ஒரு காக்கா பறந்தது. ஓரத்துக்குப் போனதும் விரல் நடுவே சின்ன இடைவெளி விட்டாள். அது கண். மூடித் திறந்தாள். காக்கா சிமிட்டியது.

எழுந்தவர்கள் நின்றபடியே கை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். பொடிசு இரண்டு கையையும் ஆட்டியது.

சத்தம் கேட்டுச் சித்தி வெளியே வந்தார். என் பக்கத்தில் நின்று, "நான் அதை வரையவே இல்லையே" என்றார். பிறகு அவரும் கையை ஆட்டினார்.

பாட்டு முடிந்ததும் கைதட்டலில் சுவரில் இருந்த பல்லி விழுந்துவிட்டது. முதலாளி வந்தார்.

"நாளைக்கும் இந்தப் படம்தான். ஆனா கடைசில காக்கா வரணும்."

இன்றைக்கே வரைந்துவிடவா என்று வாலுவைப் பார்த்தார் சித்தி. அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்" என்றார் சித்தி. "நான் வரைஞ்சா இவ்வளவு நல்லா வராது."

மறுநாள் நான் டிக்கெட் கிழிக்கும் வாசலில் ஒரு நிஜக் காக்கா வந்து நின்றது. படத்தில் நடித்தவர்களுக்கு டிக்கெட் தேவையில்லை என்பதால் உள்ளே விட்டேன். ஓரமாக உட்கார்ந்து முழுப் படமும் பார்த்தது. வாலு கையை விரித்தபோது ஒரு கண்ணைச் சிமிட்டியது. நம்பாதவர்கள் பால்காரரைக் கேட்டுப் பாருங்கள்; அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தது.