ரோண்டா வேலைக்குப் போன காலை

“நீலச் சட்டையைத் தேய்ச்சு வெச்சிருக்கேன் கெல்ஸி. காபி குடிச்சிட்டுப் போட்டுக்கோ” என்றாள் நோரீன் அத்தை. ரோண்டாவின் காதில் விழட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னாள். பத்தொன்பது வருடமாக விடியுமுன் கல்லூரிச் சமையலறைக்கு ஓடுகிறவளுக்கு மகளின் சட்டையைத் தேய்க்க எங்கே நேரம்!

இன்று ரோண்டாவுக்கு மதியந்தான் வேலை. மகளின் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

“இன்னிக்குத்தானே உன் ஆனர்ஸ் பரீட்சை?”

கெல்ஸி கோப்பையைக் கீழே வைத்தாள். “உனக்கு யாரு சொன்னது?”

“கிச்சனுக்கு ஆர்டர் சீட்டு வந்துச்சு. ரெண்டு மணிக்கு ஆங்கிலத் துறை மாடியில பன்னிரண்டு பேருக்கு சாண்ட்விச், காபி. கீழே உன் பேரு...”

பெற்ற மகளைப் பற்றிய சேதி சாண்ட்விச்சோடுதான் வர வேண்டியிருந்தது. என்ன கொடுப்பினை!

“தயவுசெஞ்சு வேற யாரையாவது அனுப்பும்மா. நான் எழுதின கதை... நீ கேக்கிற மாதிரி இல்லை.”

“என்னைப் பத்தியா?”

“நடந்ததைப் பத்தி!”

நோரீன் ஊடே புகுந்தாள். “விடுங்க அண்ணி. எங்க அண்ணன் உசுரு போறப்ப நீங்க அங்க முட்டை பொரிச்சிட்டிருந்தீங்க. புள்ள அதை மறந்துடணுமா?”

ரோண்டா பல்லைக் கடித்துக்கொண்டாள். பதில் இருந்தது. சாகக் கிடந்தவனுக்குக் கொடுத்த வாக்கும் இருந்தது. அந்த வாக்கோடுதான் ஒன்பது வருடமாக அந்த வீட்டில் வாழ்ந்தாள்.

அன்று பார்த்து சமையலறையில் இரண்டு பேர் வரவில்லை. அனுப்ப வேறு ஆள் ஏது? ரோண்டாவே வண்டியைத் தள்ளிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

ஆங்கிலத்தில் ஆனர்ஸ் வாங்குவது அங்கே லேசுப்பட்ட காரியமில்லை. கடைசி வருடம் முழுக்க உட்கார்ந்து ஒரு நெடுங்கதை எழுத வேண்டும். பிறகு மூன்று பேராசிரியர்களுக்கு முன்னால் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். மூவரில் ஒருவர் வேறு துறைக்காரராக இருப்பது அந்தக் கல்லூரி வழக்கம். வேண்டியவர்களும் வந்து உட்காரலாம். நோரீன் முதல் வரிசையில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தாள்.

கெல்ஸி வாசித்துக்கொண்டிருந்தாள். “அப்பா மூச்சுக்குத் தவித்த காலையில், அம்மா ஏப்ரனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கதவை மெதுவாகச் சாத்தினாள். எங்களைவிட அவளுக்கு அடுப்பு பெரிதாக இருந்தது.”

பின்சுவர் ஓரம் நின்ற ரோண்டாவின் கையில் சூடான காபி வழிந்தது. அவளுக்கு உறைக்கவே இல்லை.

ஆங்கிலப் பேராசிரியர்கள் இருவரும் புகழ்ந்து தள்ளினார்கள். மூன்றாமவர் கணிதத் துறை ஹெடி பிராண்ட் அம்மையார். அவர் மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்லா எழுதியிருக்கேம்மா. ஆனா அந்த அம்மா ஏன் போனாங்கன்னு எங்கேயுமே இல்லையே?”

“அவங்க அப்படித்தான், மேடம்.”

“காரணமில்லாம யாரும் அப்படிப் போறதில்லை. இது உன் வீட்டுக் கதைன்னு நீயே முன்னுரையில எழுதியிருக்கே. உனக்கு ரெண்டு வயசுல அம்மா இங்க வேலைக்குச் சேர்றாங்க. உனக்குப் பன்னிரண்டு முடிய ரெண்டு மாசம் இருக்கும்போது அப்பா போறாரு. ஆமா, நீ ஃபீஸ் கட்டியா படிக்கிறே?”

“இல்ல. ஊழியரோட பிள்ளைங்களுக்கு இலவசம்.”

“எல்லா ஊழியருக்கும் இல்லைம்மா. பத்து வருஷம் இடைவெளி விடாம வேலை பார்த்தவங்களுக்குத்தான். அந்தக் கமிட்டியில நானே இருந்திருக்கேன். இருக்கிற லீவெல்லாம் தீர்ந்தப்புறம் வரலேன்னா, பத்து வருஷமும் முதல்லேர்ந்து எண்ணுவாங்க. அதுக்குள்ள உனக்கு இருபத்திரண்டு ஆயிருக்கும், காலேஜ் வயசே தாண்டியிருக்கும்.”

கெல்ஸியின் முகம் வெளுத்தது. மெல்ல அத்தை பக்கம் திரும்பினாள்.

“அத்தை... நீங்க அப்பா பக்கத்துலதானே இருந்தீங்க? அப்பா என்ன சொன்னாரு?”

“நோரீன், வேண்டாம்!” பின்னாலிருந்து ரோண்டா கத்தினாள். “சொல்லிடாதே!”

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். நோரீனின் மௌனமோ ஒன்பது வருடம் ஓடிவிட்டது. இப்போது அது உடைந்தது.

“அவன்தான் போகச் சொன்னான்டி! ‘லீவும் தீந்துபோச்சு, இன்னும் ரெண்டே மாசம்தான், ரோண்டா... போ... புள்ள படிக்கணும்’னு கெஞ்சினான். அண்ணி மாட்டேன்னு காலைப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க... அவன்தான் விரட்டினான். நான் சொல்லல... சொன்னா நீ என்னை விட்டுட்டு அவங்க மடிக்குப் போயிடுவேன்னு...” கைக்குட்டையில் முகம் புதைத்து அழுதாள்.

கெல்ஸி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்து தாயைக் கட்டிக்கொண்டாள். “ஏம்மா... ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

“‘என் படிப்புக்காக அப்பா, அம்மா பக்கத்துல இல்லாமயே செத்தாரு’ன்னு நீ ஒருநாளும் நினைக்கக் கூடாதுன்னு அவரு சத்தியம் வாங்கினாரு. அதுக்குத்தான் கெட்ட பேரை நான் சுமந்தேன். இப்ப உன் தலையிலயும் அந்தப் பாரம் ஏறிடுச்சு... ஒன்பது வருஷமும் வீணாப் போச்சு.”

“நான் பாவிம்மா! இந்தக் கதையை வாபஸ் வாங்கிடறேன். கிழிச்சுப் போட்டுடறேன்!”

ரோண்டா மகளின் கைகளை ஒவ்வொன்றாகத் தன் தோளிலிருந்து எடுத்தாள். கோபமில்லை. களைப்புதான்.

“கிழிக்காதே. பட்டத்தை வாங்கு. இதுக்குத்தான் அவரு என்னை அனுப்பினாரு. நூத்திருபது பக்கம் என்னைப் பத்தி எழுதியிருக்கே கெல்ஸி. ஒரே வீட்டுல இருந்தோம்... ‘ஏம்மா போனே’ன்னு ஒரு நாள் கேட்டியா?”

கெல்ஸி மேசைமேல் கிடந்த தன் கதையைத் திரும்பிப் பார்த்தாள்.

“புத்தகமாக் கட்டி லைப்ரரியில வைப்பாங்களாமே... வைக்கட்டும். முதல் பக்கத்துல ‘அம்மாவுக்கு’ன்னு மட்டும் போட்டுடாதே.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். அடுத்த திங்கட்கிழமை வேலையை விட்டாள். மகள் பட்டம் வாங்கிய நாளில், வேறு ஊரில் தன் தங்கை வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து, அவள் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தாள்.