கடலுக்கு முன்னால் மலை

எனக்குப் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் அவமானம்.

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையில் ஒரு பாட்டைச் சிறுவர்கள்தான் நடத்த வேண்டும். ஒருவர் முன்னால் நின்று மைக் பிடித்துப் பாடுவார். சபை முழுக்க அவரோடு சேர்ந்து பாடும். இரண்டு வருடமாக அந்த ஒருவர் நான்தான். எல்லோரும் என்னைக் 'குட்டி மைக்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அப்புறம் எங்கள் தெருவுக்குப் புதிதாக ஒரு பல் டாக்டர் வந்தார். அவர் மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை. கூடவே மகளையும் அழைத்து வந்தார். அவளுக்கும் என் வயதுதான், பதினொன்று.

சனிக்கிழமை ஒத்திகையில் அவள் வாயைத் திறந்தாள். டிரம்ஸ் வாசிக்கிற அண்ணன் வாசிப்பதையே மறந்துவிட்டார். அவ்வளவு நல்ல குரல். எனக்கு வயிறு எரிந்தது.

"இந்த வாரம் பாப்பா நடத்தட்டும்," என்றார் கிட்டார் அண்ணன். ஆராதனைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். "குட்டி மைக், நீ கம்ப்யூட்டர்ல உக்காந்து பாட்டு வரியைத் திரையில போடுறியா? எப்பவும் போடுற அக்காவுக்குப் பரீட்சை."

"அப்ப அடுத்த வாரம்?"

"அதை அப்புறம் பாக்கலாம்."

பெரியவர்கள் 'அப்புறம் பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டில் அம்மா கேட்டார், "ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா கதவை அந்த அறை அறைஞ்ச?"

அன்று சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபிக்கும் முறை என்னுடையது. முடிக்கும்போது மனதுக்குள் ஒன்று சேர்த்துக்கொண்டேன். 'ஆண்டவரே, அவளுக்குச் சின்னதா ஒரு ஜலதோஷம்...' உடனே நிறுத்திவிட்டேன். இதையெல்லாமா அவரிடம் கேட்பது?

ஞாயிறு வந்தது. அவளுக்கு ஜலதோஷம் பிடிக்கவில்லை.

கம்ப்யூட்டர் மேசை கூடத்தின் கடைசியில் இருந்தது. பக்கத்தில் என் அப்பா. சபையில் மைக், ஒலிபெருக்கி எல்லாம் அவர் பொறுப்பு. ஹெட்போனை மாட்டிவிட்டால் நாம் கூப்பிடுவது அவர் காதில் விழாது.

என் வேலை எளிதுதான். ஒன்றை அழுத்தினால் வானத்தைப் பற்றிய சரணம். இரண்டு, கடல். மூன்று, மலை. பூஜ்யம், பல்லவி. ஒரே ஆபத்து என்னவென்றால், திரையில் தப்பான வரி வந்தால் சபையே திரும்பிக் கம்ப்யூட்டரைப் பார்க்கும். போன மாதம் அந்த அக்கா தன் வேதியியல் பாடத்தைத் தெரியாமல் போட்டுவிட்டார். முன்வரிசைத் தாத்தா ஒருவர் அதையும் பாடப் பார்த்தார்.

பாட்டு ஆரம்பித்தது. பல் டாக்டர் மகள் வானத்தை அழகாகப் பாடினாள். பல்லவியும் அழகு. பாட்டில் ஒன்றிப்போய் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் இரண்டை அழுத்தினேன்.

'உம் சொல்லுக்கு அடங்கும் கடல்' என்றது திரை.

'உம் முன்னே உருகும் மலை' என்று பாடினாள் அவள்.

ஒரு சரணத்தையே தாண்டிவிட்டாள்! சபையில் பாதிப் பேர் கடலைப் பாடினார்கள், பாதிப் பேர் மலையைப் பாடினார்கள். எல்லாத் தலையும் திரும்பியது. அவளை அல்ல, என்னைத்தான் முறைத்தார்கள்.

'நான் இல்ல, அவதான்!' என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் கத்தத் தேவையே இல்லை. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தால் போதும். திரை சரியாகத்தான் இருக்கிறது, பாடுகிறவள்தான் தப்பு என்று இன்னும் இரண்டு வரியில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அடுத்த வாரம் மைக் என் கைக்கு வந்துவிடும்.

கையைக் கட்டிக்கொண்டேன். எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லவில்லை.

அவள் கண்ணைத் திறந்தாள். பாடுபவர்களுக்காகப் பின்சுவரில் மாட்டியிருந்த சின்ன டிவியைப் பார்த்தாள். அதில் கடல். அவள் குரல் தேய்ந்தது. கீழுதடு நடுங்கியது. இன்னும் ஒரு வரி போனால் அழுதுவிடுவாள்.

மூன்றை அழுத்தினால் தப்பு என்னுடையதுதான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுவார்கள். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

அழுத்தினேன். கோபத்தோடுதான் அழுத்தினேன்.

திரையில் மலை வந்தது. சபை ஒரே குரலில் பாடியது. அவள் குரலும் திரும்பி வந்தது. பல்லவி முடிந்ததும் விட்டுப்போன கடலைப் போட்டேன். அவள் டிவியைப் பார்த்து அதையும் பாடினாள். இந்த முறை கண்ணை மூடவே இல்லை.

ஆராதனை முடிந்ததும் ஓர் அத்தை என்னிடம் வந்தார். "கம்ப்யூட்டர்ல கொஞ்சம் கவனமா இரும்மா. பாவம், அந்தப் பிள்ளை பயந்தே போச்சு."

அந்தப் பிள்ளை பாவமாம்! எனக்கு அழுகை வந்தது.

"முதல் தடவைதானே, விடுங்க," என்றார் கிட்டார் அண்ணன்.

"இல்லண்ணா!" பல் டாக்டர் மகள் மைக்கும் கையுமாக ஓடிவந்தாள். "தப்பு பண்ணது நான். கடலை விட்டுட்டு மலைக்குப் போயிட்டேன். இவ எனக்காக மாத்திப் போட்டா."

அத்தை என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். கிட்டார் அண்ணனும் சிரித்துக்கொண்டே கிட்டாரை உறையில் போடப் போனார். ஹெட்போன் மாட்டிய அப்பாவைத் தவிர, நாங்கள் இருவர் மட்டும் மேசையருகில் நின்றோம்.

"ரொம்ப தேங்க்ஸ்," என்றாள்.

"உடனே மாத்தல," என்றேன். "கொஞ்ச நேரம் சும்மாதான் இருந்தேன். நீ மாட்டிக்கட்டும்னு."

"ஏன்?"

"பொறாமை."

"இப்ப போயிடுச்சா?"

"பாதி போயிடுச்சு."

"மீதி?"

"அடுத்த வாரம் மைக்கை எனக்குக் குடுத்தா அதுவும் போயிடும்."

"இந்தா, இப்பவே பிடி," என்று நீட்டினாள். "நான் கம்ப்யூட்டர்ல உக்கார்றேன். நீ தப்பாப் பாடினா நான் மாத்திப் போடுறேன்."

"நான் தப்பாப் பாட மாட்டேன்," என்று மைக்கை வாங்கிக்கொண்டேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அப்போது கூடம் முழுக்கச் சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அப்பா ஹெட்போனோடு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். மைக்கை யாரும் அணைக்கவே இல்லை. என் பொறாமை வாசல் வரைக்கும் கேட்டிருக்கிறது.

வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் மைக்கை மட்டும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை.