நனையாத மிளகு

செத்துப்போனவனின் சட்டைப் பையில் செல்போன் அடித்துக்கொண்டிருந்தது!

முழுசாக அடித்து ஓய்ந்தது.

மறுபடியும் அடித்தது...

சங்கீதா அதை எடுத்தாள். கொல்லிமலையிலேயே குண்டனி நாடு என்னும் பகுதியில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் காலையில் போனவள், சாயங்காலம் நாலு மணிக்குத் தேன்கல்பட்டி திரும்பினாள். வாசலிலிருந்து பத்தே எட்டில், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில், அவள் கணவன் முரளி மல்லாந்து கிடந்தான். தலைக்குக் கீழே ஒரு பாறை. பக்கத்தில் சாய்ந்து கிடந்த மூங்கில் ஏணி.

"முரளி தம்பி! எங்கப்பா இருக்கே? மத்தியானமே வாரேன்னியே... மிஷினுக்குப் பேப்பர் மாட்டிட்டு உக்காந்திருக்கேன்!"

மலையடிவாரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஹபீப் ரஹ்மானின் குரல்.

"பாய்..."

"யாரு, சங்கீதாவா? என்னம்மா, குரலே சரியில்ல?"

"அவரு வரமாட்டாருங்க பாய்... இனி வரவே மாட்டாரு!"

அவளுடைய அலறல் பள்ளத்தாக்கில் இறங்கி, எதிர் மலையில் மோதித் திரும்பியது.

முரளி ஒரு பத்திரிகைக்காரன்!

பெரிய பத்திரிகை இல்லை. 'மலைச்சேதி' என்று இரண்டு பக்கம். அவன் கையால் எழுதுவான். ஹபீப் பாய் இருநூறு பிரதி ஜெராக்ஸ் போட்டுத் தருவார். ரேஷன் கடைச் சுவர், பஸ் ஸ்டாப், டீக்கடை என்று முரளியே பசை தடவி ஒட்டுவான். போடாத ரோட்டைப் போட்டதாகக் கணக்கு காட்டினவர்கள் எல்லாம் அந்தப் பசைவாளியைக் கண்டாலே பயந்தார்கள்.

ஐந்து மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் அர்த்தனாரி ஜீப்பிலிருந்து இறங்கினார். ஐம்பத்தாறு வயது. நெற்றியில் திருநீறு.

கான்ஸ்டபிள் சின்னக்கண்ணு நோட்டைத் திறந்தார்.

"மிளகு பறிக்க ஏறித் தவறி விழுந்துட்டான் சார். எழுதிரலாங்களா?"

"எழுதுய்யா. சலவைச் சட்டை, பேண்ட்டு, காலருக்குள்ள பவுடரு... இதெல்லாம் போட்டுக்கிட்டு ஏறினான்னும் சேர்த்து எழுது. மிளகுக்கொடியைப் பொண்ணு பார்க்கப் போனானோ என்னமோ!"

சின்னக்கண்ணு நோட்டை மூடிக்கொண்டார்.

அர்த்தனாரி குனிந்து உடலைச் சற்றே நகர்த்தினார். சுற்றிலும் மண் ஈரம். முதுகுக்குக் கீழே மட்டும் புழுதி பறந்தது.

"தூறல் எப்பய்யா போட்டுது?"

"ரெண்டு மணிக்குங்க சார். முக்கால் மணி நேரம்."

"அப்ப, அதுக்கு முன்னாடியே உசுரு போயிருக்கு."

சங்கீதா பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது.

"தாயி, சட்டைப் பையில போனைத் தவிர வேற என்ன வச்சிருந்தாரு?"

"ஒரு தாளுங்க சார். இந்த வாரத்துச் சேதி. அதைக் காணோம்!"

"என்ன சேதி?"

"இந்த ஊரு தண்ணி டேங்குக்கு அஞ்சு மாசமா ப்ளீச்சிங் பவுடர் போடலீங்க. ரிஜிஸ்டர்ல தினமும் போட்டதா இருக்குது. ரெண்டு குழந்தைங்க காமாலையில போயிருச்சு. நாளைக்குக் குடியரசு தினம், கிராம சபை கூடுது. 'தண்ணி சுத்தம்'னு தீர்மானம் போட்டு ஃபைலை மூடப் பார்க்கறாங்க. அதுக்கு முன்னாடி தாளு வெளிய வந்தாகணும்னு துடிச்சாருங்க..."

"யாரு மேல எழுதியிருந்தாரு?"

"ஓவர்சீயர் வேல்முருகன் மேலங்க. போன வாரம் போன் போட்டு மிரட்டினாரு. 'கீழ இறங்க எழுவது வளைவு இருக்கு தம்பி... எந்த வளைவுன்னு சொல்ல முடியாது'ன்னு!"

"அந்தத் தாளை வேற யாராச்சும் படிச்சிருக்காங்களா?"

"எழுதினது அவரு. படிச்சது நானு. வேற ஒரு கண்ணு படலீங்க."

அர்த்தனாரி தள்ளிப்போய் இரண்டு இடங்களுக்குப் போன் போட்டார். திரும்பி வந்தபோது முகம் சுருங்கியிருந்தது.

"வேல்முருகன் காலையிலருந்து மூணு மணி வரைக்கும் மீட்டிங்குல இருந்திருக்கான். நாப்பது பேரு சாட்சி!"

அதற்குள் ஊர் திரண்டுவிட்டது. டேங்க் ஆபரேட்டர் குப்புசாமிதான் மற்ற எல்லோரையும் விடப் பெரிதாக அழுதார். பக்கத்து வீட்டுக்காரர். முரளியைத் தோளில் தூக்கி வளர்த்தவர்.

ஹபீப் பாயும் வந்துவிட்டார். எழுபது வளைவையும் டூவீலரிலேயே ஏறி, பெரிய பிளாஸ்க் நிறைய டீயோடு வந்திருந்தார். யாரும் சொல்லாமலே ஆளுக்கொரு டம்ளர் ஊற்றினார். முதல் டம்ளர் சங்கீதாவுக்கு.

"ரெண்டு வாயாச்சும் குடிம்மா... அழுவறதுக்கும் தெம்பு வேணும்ல?"

டம்ளரை வாங்கியவள், அப்போதுதான் வாசலைப் பார்த்தாள்.

காலையில் அவள் காயப்போட்டுவிட்டுப் போன மிளகு. அதன் மேல் தார்ப்பாய் போர்த்தி, நாலு மூலையிலும் கல் வைத்திருந்தது. பாயின் மேலே தண்ணீர் தேங்கி நின்றது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு மணி நனையவில்லை!

அவ்வளவு துக்கத்திலும் அவள் கும்பிட்டாள்.

"மழைக்கு மிளகை மூடினது யாருங்க? என் வருசத்துச் சோறுங்க அது... நீங்க நல்லா இருக்கோணும்!"

ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"யாருன்னு சொல்லுங்க சாமி. கும்பிட்டுக்கறேன்."

கொல்லிமலையில் இது பெரிய விஷயமே இல்லை. தூறல் விழுந்தால் யார் வாசலில் யார் மிளகு காய்ந்தாலும் வழியில் போகிறவன் மூடிவிட்டுத்தான் போவான். ஜென்மப் பகையாளி மிளகையும் மூடுவான். மூடியவன், 'நாந்தான் மூடினேன் கண்ணு' என்று சொல்லாமலும் இருக்கமாட்டான்.

இன்று யாரும் சொல்லவில்லை...

அர்த்தனாரி வாசலில் நின்று மரத்தடியைப் பார்த்தார். தூறலுக்கு முன்பே செத்தவன் மூடியிருக்க முடியாது.

பத்தே எட்டு!

மழை தொடங்கும்போது ஒருவன் இங்கே நின்றிருக்கிறான். அங்கே பிணம் கிடந்திருக்கிறது. பார்த்தும் ஊரைக் கூப்பிடவில்லை... மிளகை மட்டும் மூடிவிட்டுப் போயிருக்கிறான்!

கீழேயிருந்து வந்த அடியாள் இதைச் செய்யமாட்டான். மலைக்காரன்தான் செய்வான்.

கூட்டத்தில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. குப்புசாமி தலையைக் குனிந்தபடி வீட்டுப் பின்பக்கம் நழுவினார்.

அர்த்தனாரி சத்தமில்லாமல் பின்தொடர்ந்தார். சங்கீதாவும்.

பலா மரத்தடியில் குப்புசாமி உட்கார்ந்திருந்தார்.

"கும்பிடறேன்னு சொல்லாத கண்ணு..." என்றார் அவளிடம். "காறித் துப்பிரு. தாங்கிக்குவேன்."

"மாமா!"

"கொல்லோணும்னு வரல சாமி! தாளைக் குடுன்னுதான் கேட்டேன். குடுக்கமாட்டேன்னான். பிடுங்கினேன். தள்ளினேன்... பாறையில மண்டை பட்டுருச்சு. ஏணியைக் கொண்டாந்து போட்டுட்டு ஓடப் பார்த்தேன்... தூறல் விழுந்துச்சு. மிளகு நனையுதேன்னு கையி தானா போச்சு..."

"தாளு எங்கய்யா?" அர்த்தனாரியின் குரல் கம்பியாக நீண்டது.

"ஓவர்சீயர்கிட்ட குடுத்துட்டனுங்க. மூணரை மணிக்கு அவரு ரோட்டோரமா நின்னு படிச்சாரு. படிச்சு முடிச்சிட்டு, அங்கயே தீக்குச்சி வச்சுக் கொளுத்திட்டாருங்க."

"எதுக்குய்யா இந்தப் பாவம்?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க சார். அவரு சொன்ன இடத்துல ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டது நானு. 'தாள்ல மொத பேரே உன் பேருதான். நாளைக்கு அது ஒட்டினா நாளான்னைக்கு உனக்கு ஜெயிலு'ன்னு சொன்னாருங்க..."

சங்கீதா அவர் எதிரில் மண்டியிட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது.

"உங்க பேரு அதுல இல்லீங்க மாமா."

"என்ன சாமி சொல்ற?"

"'மாமா பேரை எதுக்கு அடிக்கறீங்க'ன்னு நாங்கூடக் கேட்டேன். 'பாவம், அவருக்கு என்ன தெரியும்? கைநாட்டு வைக்கிற ஆளுக்குக் கையெழுத்துக் கத்துக்குடுத்து ஏமாத்தியிருக்காங்க'ன்னு சொல்லி, அவருதான் உங்க பேரை அடிச்சிட்டாருங்க."

குப்புசாமி நெற்றியை மண்ணில் மோதினார்... மோதினார்... மோதிக்கொண்டே இருந்தார். அர்த்தனாரிதான் அவர் தலைக்கும் தரைக்கும் நடுவே தன் உள்ளங்கையை வைத்தார்.

பின்வாசல் வழியாகவே அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். ஊருக்குத் தெரியாது.

"வேல்முருகனையும் தூக்குங்க சார்!" என்றாள் சங்கீதா.

"இவன் ஒருத்தன் வாய்ச்சொல்லு பத்தாது தாயி. 'கொன்னவன் பழியை என் மேல போடறான்'னு ஒரே வரியில உடைச்சிருவான். தாளு அவன் கைக்குப் போச்சுன்னு அவன் வாயாலயே வரணும்."

சங்கீதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹபீப் பாயிடம் போனாள்.

"பாய், ஒரு தாளு வேணுங்க."

மறுநாள் காலை பதினொரு மணி. கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து முடிந்திருந்தது. ஷாமியானாவுக்குக் கீழே கிராம சபை. மேஜைக்குப் பின்னால் மொடமொடப்பான வெள்ளைச் சட்டையில் ஓவர்சீயர் வேல்முருகன்.

"நம்ம முரளி... நல்ல பையன். ஆண்டவன் அவசரப்பட்டுட்டான்!" மைக்கில் உச்சுக்கொட்டினார். "சரி, தண்ணி சுத்தமா இருக்குதுன்னு தீர்மானம் போட்டுரலாமுங்களா?"

"ஒரு நிமிசங்க!"

சங்கீதா எழுந்தாள். கையில் நாலாக மடித்த ஒரு தாள்.

"என் புருசன் கடைசியா எழுதின சேதிங்க. வாசிக்கட்டுங்களா?"

வேல்முருகனின் நெற்றியில் பொட்டுப் பொட்டாக வேர்த்தது. எரித்த தாள் எப்படித் திரும்பி வரும்? இன்னொரு பிரதி வைத்திருந்தானா?

அர்த்தனாரி மைக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஓவர்சீயர் சார், இதை நீங்க ஏற்கெனவே பார்த்திருக்கீங்களா?"

"நானா? கண்ணால பார்த்ததில்ல!"

"அப்ப வாசிக்கட்டும்..."

"வேண்டாம்!" வேல்முருகன் மைக்கைப் பிடித்துக்கொண்டார். அவள் முந்துவதற்குள் தான் முந்திவிட வேண்டும்! "ஜனங்களே, நம்பாதீங்க! அத்தனையும் பொய்! 'கோழிக்குச் சுத்தத் தண்ணி... குழந்தைக்கு?'ன்னு தலைப்பாம்! நான் அம்பத்திரண்டு மூட்டை ப்ளீச்சிங் பவுடரைக் கோழிப்பண்ணைக்கு வித்தேனாம்! ஆடி மாசத்துல பதினெட்டாம், ஐப்பசியில முப்பத்திநாலாம்! எவன் எண்ணினது? அவதூறு! கேஸ் போடுவேன்!"



"அம்பத்திரண்டா?" என்றது ஒரு பெண் குரல். காமாலையில் பிள்ளையைப் பறிகொடுத்த அத்தாயி. "அதுல ஒரு பிடி போட்டிருந்தா எம்புள்ள இருந்திருக்குமேய்யா..."



"தாயி, தாளைப் பிரி," என்றார் அர்த்தனாரி.

சங்கீதா பிரித்தாள். இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினாள்.

வெறும் வெள்ளைத்தாள்!

"தலைப்பு சரியா தாயி?" என்று அவளிடம் கேட்பதற்குப் பதில், அர்த்தனாரி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கண்ணீரோடு தலையசைத்தாள்.

"அச்சடிக்காத பத்திரிகையை ஒரு வரி விடாம ஒப்பிச்சிட்டீங்களே சார்! அது இருந்தது ஒரே ஒரு பிரதி. செத்தவன்கிட்டருந்து குப்புசாமி பிடுங்கி உங்க கையில குடுத்தது. நேத்தே எல்லாத்தையும் சொல்லிட்டான். ஜீப்புலதான் இருக்கான்."

வேல்முருகன் மைக்கைத் தவறவிட்டார். அது 'ங்கொய்ய்' என்று அலறியது.

சின்னக்கண்ணு விலங்கோடு நெருங்கினார். மினிட்ஸ் புத்தகத்தில் கிளார்க் இன்னும் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார்... அம்பத்திரண்டு மூட்டை, ஆடியில் பதினெட்டு, ஐப்பசியில்...

"நா... நான் என்ன பேசினேன்னு எனக்கே தெரியல சார்!"

அர்த்தனாரி அவர் தோளைத் தட்டினார்.

"இருநூறு பேரு படிக்க வேண்டியதை ஆயிரம் பேருக்கு மைக்குல சொல்லிட்டீங்க. நிருபர் வேலைக்கு ரொம்பப் பொருத்தமான ஆளு சார் நீங்க... என்ன ஒண்ணு, நாளைக்குச் செய்தியே நீங்கதான்!"