ஒயர் செருகாத மோடம்

அந்தப் பழைய கம்ப்யூட்டரில் எந்தக் கார்டை முதலில் செருகினோம் என்பதைப் பாண்டிச்செல்வத்தால் இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சவுண்டு கார்டு என்று ஒருநாள் சொல்வார். மோடம்தான் என்று இன்னொரு நாள். வெயில் நினைவிருக்கிறது, ஸ்ரீராம்குமார் சிரித்தது நினைவிருக்கிறது. நடுவில் இருப்பதையெல்லாம் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறோமோ என்று அவருக்கே ஐயம். ஆனால் கேட்ட குரலில் மட்டும் ஐயம் கிடையாது.

ஏழாயிரம்பண்ணை பஜாரில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே அவருடைய கடை. செல்போன், கம்ப்யூட்டர் எல்லாம் பழுது பார்ப்பார். பழைய மெஷின் என்றால் சிவகாசியிலிருந்துகூட அவரைத் தேடி வருவார்கள். ஸ்ரீராம்குமார் அப்படி வந்தவன்தான். அச்சகம் நடத்தும் குடும்பத்துப் பிள்ளை. மூடிப்போன ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஆபீஸ் சாமான்களோடு, மஞ்சளேறிய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கியிருந்தான். சின்ன வயதில் ஆடிய விளையாட்டுகளை அதிலேயே ஆடிப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

மேசைமேல் கார்டுகளைப் பரப்பினான். ஒன்று சவுண்டு கார்டு, ஒன்று நெட்வொர்க் கார்டு. மூன்றாவது, போன் லைன் வழியே இன்டர்நெட் பிடிக்கிற மோடம். அது அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியிலேயே இருந்தது.

"பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்கு அண்ணாச்சி. எது பொருந்தும்னு நீங்கதான் சொல்லணும்."

"மூணையும் கட்டிக்க முடியாது தம்பி. கார்டு செருகுற மூணு ஸ்லாட்டுல ஒண்ணு வெடிச்சுக் கெடக்கு. ரெண்டுதான் தேறும்."

"அப்ப மோடம் இருக்கட்டும். அந்த கீ...ன்னு கத்துமே, அதைக் கேட்டு எம்புட்டு வருசமாச்சு!"

"போன் லைனே இல்லாம அது யார்கூடப் பேசும்? சவுண்டு கார்டோட சண்டைதான் போடும்."

"சண்டை போட்டாத்தான் அண்ணாச்சி வீடு மாதிரி இருக்கும்."

பாண்டிச்செல்வம் சுவரோரத் தண்ணீர்க் குழாயைத் தொட்டுவிட்டுக் கார்டை எடுத்தார். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடும். அவர் மனைவி வள்ளித்தாய் இதைப் பார்க்கும்போதெல்லாம் கேலி செய்வாள். "நாங்க ரூமுக்குள்ள போகையில செம்புத் தகட்டைத் தொடுவோம், நீங்க குழாயைத் தொடுதீக. ரெண்டு பேருக்கும் ஒரே பயந்தான்." வள்ளித்தாய் ஊருக்கு மேற்கே உள்ள பட்டாசு ஆலையில் சரவெடி பின்னுகிறவள்.

மோடத்தைச் செருகிச் சுவிட்சைப் போட்டார். காற்றாடி சுற்றியதும் கந்தக வாடை வந்தது. அந்த ஊரில் கந்தக வாடை புதிதல்ல. ஆனால் இது நனைந்த கந்தகம். எரிந்த இடத்தில் தண்ணீர் ஊற்றி அணைத்தபின் எழுகிற வாடை.

மோடத்தின் மூலையில் காசளவு ஸ்பீக்கர் ஒன்று உண்டு. லைனில் கேட்பதை அது சொல்லும்.

லைனே இல்லை. ஆனாலும் அது சொல்லத் தொடங்கியது.

முதலில் மண்ணில் யாரோ நடக்கும் ஓசை. பிறகு ஒரு செல்போன் மணி. அதன்மேல் இன்னொன்று. நாதஸ்வரம், பறவைக் கூவல், வெறும் கிர்ர். ஒரே பெட்டிக்குள் அடைத்துவைத்தாற்போல் பத்துப் பதினைந்து போன்கள் அடித்தன. யாரும் எடுக்கவில்லை.

"சூப்பர் அண்ணாச்சி! யாரோ ரெக்கார்டு பண்ணி வச்சிருக்காக," என்று ஸ்ரீராம்குமார் சிரித்தான்.

அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண்குரல்.

"எம்மா, போனை எடும்மா... எம்மா, போனை எடும்மா..."

பாண்டிச்செல்வம் ஒயரைப் பிடுங்கினார்.

அது அவர் மகள் அழகுமீனாவின் குரல். காலேஜ் சேர்ந்த வருசம் அம்மா போனுக்கு மணியாக அவளே விளையாட்டாகப் பதிந்து வைத்தது. உலகத்தில் வள்ளித்தாயின் போன் மட்டும்தான் அப்படிக் கூப்பிடும். ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் எல்லாருடைய போனையும் வாட்ச்மேன் வெள்ளைத்துரை கேட்டில் ஒரு மரப்பெட்டியில் வாங்கி வைத்துக்கொள்வார். சாயங்காலம்தான் கிடைக்கும்.

ஸ்ரீராம்குமார் போனபின் அவர் மோடத்தைக் கழற்றிவிட்டுச் சவுண்டு கார்டைப் போட்டார். அதே மணிகள்தான், முன்னைவிடத் தெளிவாக. பக்கத்திலேயே ஓர் ஆண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு முணுமுணுத்தார். "இதை எடுத்து என்னத்தச் சொல்ல..."

நெட்வொர்க் கார்டுக்கு ஒலியே கிடையாது. அதைப் போட்டார். அதிலும் கேட்டது. மூன்றையும் கழற்றி ஸ்லாட்டுகளைக் காலியாக விட்டார். மதர்போர்டின் பொடி ஸ்பீக்கர், மணி அடித்து ஓய்ந்து அடிக்கும் கணக்கில், பீப்... பீப்... என்றது.

எதைத் தேர்ந்தாலும் ஒன்றுதான்.

சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து வள்ளித்தாய் முழுதாக இறங்கினாள். கைநிறைய வெடிமருந்துப் பூச்சு.

"நாளைக்கு நீ வேலைக்குப் போக வேண்டாம்."

"சீசன்ல லீவா? ஒரு நாள் வரலைன்னா எடத்துல வேற ஆள உக்கார வச்சிருவாக. தெரியும்ல?"

"கடையில ஒரு கம்ப்யூட்டருக்குள்ள உன் போன் அடிச்சிது வள்ளி. யாரும் எடுக்கல. உனக்குத்தான் ஏதோ ஆவப் போகுது."

"கேட்டுப் பொட்டியில கெடக்கிற போனு உங்க கம்ப்யூட்டர்ல அடிச்சிதாக்கும்? வெயில் மண்டைக்கு ஏறிருச்சு உங்களுக்கு," என்றாள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபிறகு சிரிப்பு நின்றுபோனது. மனிதர் அழுதுகொண்டிருந்தார். "சரி, போகல. போதுமா?"

மறுநாள் அவளைக் கையோடு கடைக்குக் கூட்டி வந்து, தன் கண்ணெதிரே ஸ்டூலில் உட்கார்த்தி வைத்தார். மேசையில் அந்தக் கம்ப்யூட்டர் ஒயர் பிடுங்கியபடியே கிடந்தது. மோடத்தை மட்டும், ஏனென்று தெரியாமலே, திரும்பச் செருகி வைத்திருந்தார். மதியச் சாப்பாடு முடிந்து, தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரம்.

தரை அதிர்ந்தது.

கடை ஷட்டர் தடதடவென்று ஆடியது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது, மேற்கேயிருந்து, கனமாக.

பஜாரே தெருவுக்கு வந்துவிட்டது. எல்லார் கையிலும் போன். அந்த ஊரில் சத்தம் கேட்டால் முதலில் செய்வது அதுதான். ஆளுக்கொரு பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு காதில் வைத்து நின்றார்கள்.

பாண்டிச்செல்வம் மட்டும் போனை எடுக்கவில்லை. மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டார். கடவுளே, இவள் இங்கே இருக்கிறாள். இங்கேயே இருக்கிறாள்.

வள்ளித்தாயின் தோள் கட்டைபோல் விறைத்திருந்தது.

"ஏங்க," என்றாள். "பாப்பாவுக்குப் போனைப் போடுங்க."

"பாப்பா வீட்டுலதான இருக்கா?"

"எடம் போயிருமேன்னு... எனக்குப் பதிலா ஒரு நாளு உக்காந்துட்டு வாத்தான்னு அனுப்பிட்டேன். எனக்குத்தான் ஆவத்துன்னு சொன்னீக... எனக்குத்தான்னு..."

"அவ நம்பருக்கா?"

"அவ போன்ல சார்ஜ் இல்ல. ஏம்போனத்தான் கொண்டுபோனா."

அவர் விரல்கள் எண்ணைத் தேடின. காதில் வைத்தார். அங்கே மணி போனது.

மேசையில், மின்சாரம் இல்லாத அந்தப் பெட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எம்மா, போனை எடும்மா... எம்மா, போனை எடும்மா..."

அழைப்பைத் துண்டித்தார். குரல் நின்றது.

மறுபடி போட்டார்.

"எம்மா, போனை எடும்மா..."

வள்ளித்தாய் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, "எடுத்துட்டேன் தாயி, எடுத்துட்டேன்," என்று அதனோடு பேசினாள். அந்தக் குரலுக்கு அது கேட்கவில்லை. மனைவியை அப்படியே விட்டுவிட்டு அவர் வண்டியை எடுத்தார். ஒரு கையால் ஓட்டினார். மறுகையில் போன் அழைத்துக்கொண்டே இருந்தது. நிறுத்தினால் அவள் குரல் நின்றுவிடும் என்று ஒரு பயம்.

கேட்டில் வெள்ளைத்துரை மணல்வாளியின்மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் மரப்பெட்டி. உள்ளே எல்லாப் போன்களும் அடித்துக்கொண்டிருந்தன. பாண்டிச்செல்வத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

"இதை எடுத்து என்னத்தச் சொல்ல," என்றார், பெட்டியிடம்.

சரம் பின்னும் அறை இருந்த இடத்தில் புகை நின்றது. தீயணைப்பு வண்டி தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் கடையில் வந்த அதே வாடை.

அழகுமீனாவை அவள் கால் கொலுசை வைத்து அடையாளம் சொன்னார்கள். வள்ளித்தாய் மல்லாங்கிணற்றில் தம்பி வீட்டில் இருக்கிறாள். போன் மணி கேட்டால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். வெள்ளைத்துரை வேலையை விட்டுவிட்டார். ஸ்ரீராம்குமார் அந்தக் கம்ப்யூட்டரைத் திருப்பி வாங்கிக்கொள்ள வரவேயில்லை. பாண்டிச்செல்வம் விருதுநகரில் ஒரு மளிகை மொத்தக் கடையில் மூட்டைக்குக் காவல் இருக்கிறார். ஏழாயிரம்பண்ணைக் கடை பூட்டிக் கிடக்கிறது. உள்ளே அந்தப் பெட்டி, கார்டெல்லாம் பிடுங்கியபடி. பக்கத்து டீக்கடை அய்யாதுரை, மதியவேளையில் நடுச்சுவரில் காதை வைத்துக் கேட்டிருக்கிறார். இப்போதெல்லாம் மணி அடிப்பதில்லையாம். யாரோ போனை எடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மூச்சுவிட்டுக்கொண்டு இருப்பதுபோல் கேட்கிறதாம்.